‘என் கற்பித்தல் தத்துவம்’ என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும்: எனக்கென்று ஒன்று இருக்கிறதா?

பொருநைக்கரையாள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படிப்பு முடியும் தறுவாயில் எங்கள் ஒவ்வொருவரையும் ‘என் கற்பித்தல் தத்துவம்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1837-இல் சிறுவர்களுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃபிரோபெலில் ஆரம்பித்து, 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்த மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது வரை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ‘இதில் நீ எங்கே இருக்கிறாய்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால், நான் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்காக அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும். ‘ற’ எழுத்தை அறிமுகம் செய்வதற்காக முறத்தின் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, கையைக்கூட உயர்த்தாமல், துள்ளிக்கொண்டு “சுளகு!” என்றாள். நான் “தப்பு, முறம். எல்லாரும் சொல்லுங்கள்” என்றேன். வகுப்பு மூன்று முறை ‘முறம்’ என்று சொன்னது. அவள் சொல்லவில்லை. அதன் பிறகு ஒன்பது பள்ளி நாட்கள் என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான்.

அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர் என்பதும், காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அந்த வீட்டில் இலையும் தூளும் பரப்பிய சுளகு ஒன்று மடியை விட்டு இறங்குவதே இல்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. வீட்டில் அவள் மிக நன்றாக அறிந்த பொருளைக் காட்டிப் பெயர் கேட்டுவிட்டு, அவள் சொன்ன பெயரைத் தப்பு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

பாடநூலில் ‘முறம்’ என்றுதானே இருக்கிறது, ‘ற’ கற்பிக்க வேண்டிய இடத்தில் ‘சுளகு’ என்பதை ஏற்றுக்கொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? பல ஆண்டுகள் சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் இதைத் தத்துவம் என்று எழுத நேர்ந்தால் எப்படி எழுதுவீர்கள்?

பனங்காய்வண்டி எழுதுகிறார்:

மகளே, நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுளகு என்பது கொச்சை அன்று. புறநானூற்றிலேயே சுளகில் எள் காயும் காட்சி உண்டு. அட்டையை வரைந்தவர் வீட்டில் முறம், உன் மாணவி வீட்டில் சுளகு; இரண்டுமே பழுதில்லாத தமிழ்தான். ஆகவே அன்று வகுப்பில் பிழையாகச் சொன்னவர் ஒருவர்தான், அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, நான் செய்தது இதைவிட மோசம்.

1983-இல் திசையன்விளைக்குத் தெற்கே தேரி என்னும் செம்மணல் காட்டை ஒட்டிய ஓர் ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். பதநீர்க் காலம் வந்துவிட்டால் வகுப்பில் பாதி காலியாகிவிடும். பனையேறிகள் குடும்பத்தோடு காட்டுக்குள் போய் விடிலி என்னும் ஓலைக்குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிப் பதிவேட்டில் ‘கூட்டல் அறியான்’ என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவனைப் பள்ளிக்கு அழைத்து வரலாம் என்று ஒரு சனிக்கிழமை மதியம் விடிலிக்குப் போனேன். அடுப்பில் கூப்பதநீர் பாகாகிக்கொண்டிருந்தது. அவன் அம்மா துடுப்பை விட்டுக் கையெடுக்க முடியாமல் தலையை மட்டும் அசைத்து என்னை உட்காரச் சொன்னார். பையன் மணலில் சிரட்டைகளை வாய் மேலே பார்க்கும்படி வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்தான். எத்தனை சிரட்டை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். நிமிர்ந்தே பார்க்காமல், “அஞ்சஞ்சா எட்டு வரிசை சார், ஒண்ணு கீறிட்டு, முப்பத்தொம்பது கருப்பட்டி வரும்” என்றான்.

பெருக்கலும் கழித்தலும் ஒரே மூச்சில் வந்தன. ‘கூட்டல் அறியான்’ என்ற என் வரியை அடித்துவிடலாம் என்றால், அதன் கீழே அதிகாரியின் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

திங்கட்கிழமை ஓர் ஓலைப்பெட்டி நிறையச் சிரட்டைகளோடு வகுப்புக்குப் போனேன். இரண்டு வாரம் சுண்ணாம்புக்கட்டியைத் தொடவில்லை. வரிசை மாற்றி வைப்பது, ஒன்றைக் கவிழ்த்துவிட்டு மிச்சத்தைக் கேட்பது, பெட்டிக்கு இத்தனை என்று பங்கிடுவது, இவ்வளவுதான். அதற்குப் பிறகே அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில் எண்களை எழுதினேன். எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பலசரக்குக் கடைக்காரர் மகள் ஒருத்திக்கு மூன்றாம் நாளே சலித்துவிட்டது. அவள் வீட்டில் தராசும் படிக்கல்லும் இருந்தன, சிரட்டை அவளுக்குக் குப்பை. ஒரு பிள்ளையின் வீட்டுப் பொருள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பொருள் ஆகிவிடாது என்பதை அவள்தான் எனக்குக் கற்றுத் தந்தாள்.

பிறகு எத்தனையோ முறைகள் வந்தன. 2007-08-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது, அட்டைகளை அடுக்கியே பொழுது போகிறது என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கும் அந்தச் சலிப்பு இருந்தது. ஆனால் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசி, ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கினோம் அல்லவா, அது ஒன்றுக்காகவே அந்த முறையை மதிக்கிறேன். அதுவரை கரும்பலகை என்பது வாத்தியாரின் சொத்து. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பெயர்கள் அழகாக இருக்கின்றன, பிரிப்பதும் தேவைதான். ஆனால் வகுப்பில் அரும்பாக இருக்கும் பையன் விடிலியில் மலராக இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மறந்துவிட்டால், நான் பதிவேட்டில் எழுதிய வரியைத்தான் அவரும் எழுதுவார்.

எழுதுவதற்கு ஒரு வழி கேட்டாய். ‘நான் நம்புகிறேன்’ என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு, அந்த ஒன்பது நாட்களை எழுது. அவற்றுக்குப் பிறகு உன் வகுப்பில் எதை மாற்றினாய் என்பதை எழுது. ஒன்றும் மாற்றவில்லை என்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் அந்தப் பள்ளிக்குப் போய் வா.

கோலப்பொடி எழுதுகிறார்:

தங்கச்சி, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி வகுப்புக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஐயா சொன்னதை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அவருக்கு இல்லாத ஒரு தொல்லை எனக்கு உண்டு. விடிலியில் இருந்த அந்தத் தாய், ‘இன்று என் மகன் எத்தனை பக்கம் எழுதினான்?’ என்று அவரிடம் கேட்டிருக்க மாட்டார். என் வகுப்பு வாசலில் மாலை மூன்றரை மணிக்கு அந்தக் கேள்வியோடு இருபது பேர் நிற்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நான்கு கோட்டு நோட்டில் ஆங்கிலச் சேர்த்தெழுத்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிர்வாகமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள்.

இதில் என் தத்துவம் என்று ஒன்று இருந்தால் அது மணிக்கட்டில் இருக்கிறது. பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நான்கு வயதில் அவற்றில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும், மற்றவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் நிரப்பச் சொன்னால், பிள்ளை முஷ்டியால் பென்சிலைப் பிடித்து, தோளிலிருந்து தள்ளி எழுதும். நாக்கு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பிடி பழகிவிட்டால் மூன்றாம் வகுப்பு வரை போகாது.

ஒரு மார்கழியில், பள்ளியின் பின்முற்றத்தில் கோலப்பொடி டப்பாவை வைத்துவிட்டு, ஆளுக்கு நான்கு புள்ளி போட்டுக் கொடுத்தேன். பொடியைக் கிள்ளுவதற்குக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். பென்சில் பிடிப்பதற்கு வேண்டியதும் அதே மூன்று விரல்கள்தான். நம் ஆச்சிமார் அதைப் பென்சில் இல்லாமலே பழக்கியிருக்கிறார்கள். முதல் நாள் பொடி குவியல் குவியலாக விழுந்தது. இரண்டு வாரத்தில் கோடு இழுக்க வந்துவிட்டது, பையன்களுக்கும்தான். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் பென்சிலைக் கொடுத்தேன்; அ, ஆ வேண்டாம் என்று நேர்கோடும் வளைவும் மட்டும் உள்ள ட, ப, ம, ய ஆகியவற்றில் தொடங்கினேன். ‘படம்’ என்ற சொல்லை முதல் வாரமே எழுதிய பிள்ளைகள் அதை வீட்டுச் சுவரிலும் எழுதி அடி வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இது புதுமை ஒன்றும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில்தான் எழுத வைத்தார்கள். சென்னையில் ஓர் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது. நாம் மணலைத் துடைத்துவிட்டு நான்கு கோட்டு நோட்டு வாங்கிக்கொண்டோம்.

வாசலில் நிற்கும் பெற்றோருக்கு என்ன பதில் என்று கேட்பாய். நாளுக்கு ஒரு பக்கம் எழுத வைக்கிறேன், மறைக்கவில்லை. அந்த ஒரு பக்கம் அவர்களுக்காக. மீதி நேரம் பிள்ளைக்காக. இதைப் போய் இரண்டு பக்கக் கட்டுரையில் எழுத முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் என் பதினோரு ஆண்டுகளும் இப்படித்தான் கழிந்தன.

ழகரவாத்தியார் எழுதுகிறார்:

அண்ணாச்சி மன்னிக்க வேண்டும், இந்த இழையில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். தொடக்கப்பள்ளியில் மனம் கோணாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் என்னிடம் வந்து ‘வாளப்பளம்’ என்று எழுதுகிறார்கள், ‘கிழவி’யைக் ‘கிளவி’ ஆக்குகிறார்கள், ‘மரம்’ எது ‘மறம்’ எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். நம் பக்கம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிட்டது. ‘வந்தாவ, சொன்னாவ’ என்று பேசும் பிள்ளைக்கு ‘வந்தார்கள், சொன்னார்கள்’ என்பது கிட்டத்தட்ட வேறொரு மொழி. அந்த மொழியைப் பள்ளி கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

வீட்டில் நாளிதழும் புத்தகமும் உள்ள பிள்ளை அதை எப்படியும் பெற்றுவிடும். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டுமே வழி. அவளுடைய சுளகைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவளைச் சுளகோடே விட்டுவிட்டால், அது அன்பின் பெயரால் செய்யும் அநீதி. பயிற்சி மாணவி ‘முறம்’ என்று மூன்று முறை சொல்ல வைத்ததில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ‘தப்பு’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

பனங்காய்வண்டி எழுதுகிறார்:

தம்பி, பாதி உமக்கு. எழுத்துத் தமிழைக் கொடுக்காத பள்ளி பள்ளியே இல்லை என்பதில் எனக்கும் உமக்கும் வழக்கில்லை. வழக்கு வரிசையில்தான் இருக்கிறது. ‘சுளகு’ என்பதை வாங்கிக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பக்கத்திலேயே அதே நிமிடத்தில் ‘முறம்’ என்று எழுதினால் பிள்ளைக்கு இரண்டு சொல் கிடைக்கும். ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எழுதினால், இந்தப் பயிற்சி மாணவியின் கணக்குப்படியே, ஒன்பது நாள் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. வாய் மூடிய பிள்ளைக்கு ழகரத்தை எந்த வாயில் வரவழைப்பீர்?

பாலர்கூடத்தாள் எழுதுகிறார்:

நான் முக்கூடல் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர். என்னிடம் வருவது இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள், அதனால் எழுத்து பற்றிய இந்த வழக்கு எனக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் ஆடு மேய்த்த பையனிடம் காமராஜர் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டதாகவும், ‘சோறு யார் போடுவா?’ என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் எங்கள் பக்கம் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1956-இல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. 2022-இல் காலை உணவும் வந்தது. காலையில் அழும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது ‘சாப்பிட்டியா’ என்பதுதான். பாதி அழுகை அதிலேயே நின்றுவிடும், மீதிப் பாதிக்குப் பாட்டும் மடியும் வேண்டும். அந்தச் சுளகுப் பிள்ளை என்னுடைய கூடத்தைப் போன்ற ஒன்றிலிருந்துதான் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருப்பாள். அங்கே அவள் பேசியிருப்பாள். அதை நீங்கள் அந்த அங்கன்வாடியில் போய்க் கேட்டிருக்கலாம், யாரும் கேட்பதில்லை.

பொருநைக்கரையாள் எழுதுகிறார்:

உங்கள் எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பேனாவை மூடிவிட்டு, தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்குப் போனேன். வழியில் பாலர்கூடத்து அக்கா சொன்ன அங்கன்வாடியையும் எட்டிப் பார்த்தேன். அங்கிருந்த அம்மா, ‘அவளா? வாய் மூட மாட்டாளே’ என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு சுளகை இரவல் வாங்கி, அதில் இரண்டு கை உளுந்தும் கொஞ்சம் பொடிக்கல்லும் போட்டு வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். இது என்ன என்று இந்தமுறை நான் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்தபடி மேலும் கீழும் தட்டிப் புடைக்கத் தொடங்கினேன். தூசி பறந்தது, உளுந்தும் பறந்தது, கல் அப்படியே இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து என் கையிலிருந்த சுளகின் ஓரத்தைப் பிடித்தாள்.

“டீச்சர், நீங்க பொடைக்கிய. கல்லு போவணும்னா கொளிக்கணும்” என்று சொல்லி, சுளகைத் தன் மடியில் வாங்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினாள். உளுந்து ஒரு பக்கம் ஒதுங்கியது, கல் மறுபக்கம் தங்கியது. ஆறு வயதுக் கை அது.

கரும்பலகையில் ‘சுளகு’ என்று எழுதினேன், பக்கத்தில் ‘முறம்’ என்று எழுதினேன், அதற்குக் கீழே ‘புடை’ என்றும் ‘கொழி’ என்றும் எழுதினேன். சுளகில் வரும் ளகரத்துக்கும் கொழியில் வரும் ழகரத்துக்கும் நாக்கு போகும் இடம் வேறு என்று செய்து காட்டியபோது வகுப்பே நாக்கை மடக்கிப் பார்த்தது. ழகரவாத்தியார் ஐயா அதைப் பார்த்திருந்தால் பாதிக்கு மேலும் விட்டுக்கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவளுக்கு ழகரம் இன்னும் வரவில்லை. ஐந்தாறு முறை முயன்றுவிட்டு, “நாளைக்கு வரும் டீச்சர்” என்றாள்.

நாளைக்கு நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. கட்டுரையைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். முதல் பக்கம் சுளகிலேயே முடிந்துவிட்டது, மாண்டிசோரி அம்மையாருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.